பழுதுக்குப் பெயர் வைக்கும் முன்

பெட்ரோல் கார் ஒன்றின் இன்ஜின் ஓடுவதற்குத் தேவையான அளவு காற்று, அதற்கேற்ற எரிபொருள், இவ்விரண்டின் கலவையை இறுக்கும் அழுத்தம், உரிய கணத்தில் அதைப் பற்றவைக்கும் தீப்பொறி ஆகிய நான்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். 1876-இல் ஜெர்மனியில் நிகோலஸ் ஆட்டோ நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினை உருவாக்கிய காலந்தொட்டு இந்த அடிப்படை மாறவில்லை. கார்புரேட்டர் இருந்த இடத்தில் இன்ஜெக்டரும் கணினியும் வந்தபோது மாறியது கட்டுப்படுத்தும் முறை மட்டுமே. ஆகவே வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டாலும், ஓடும்போது குலுங்கினாலும், இந்நான்கில் எது தடைப்பட்டது என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். எந்த உதிரிபாகத்தை மாற்றுவது என்பது அதற்கு விடை கிடைத்த பின் எழ வேண்டிய கேள்வி. இந்த வரிசை புரளும்போதுதான் பேட்டரி, ஸ்பார்க் பிளக், எரிபொருள் பம்ப் என ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு, பணம் கரைந்த பிறகும் பழுது அப்படியே நிற்கிறது.

‘வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை’ என்னும் ஒரே புகாருக்குள் இருவேறு பழுதுகள் அடங்கியுள்ளன. சாவியைத் திருப்பியதும் இன்ஜினைச் சுழற்றிவிடும் மின்மோட்டாரைப் பட்டறைகளில் ‘செல்ஃப்’ என்பர். செல்ஃப் எடுக்கவே இல்லை என்பது ஒன்று. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்பது வேறொன்று. முன்னது பெரும்பாலும் மின்சாரம் சார்ந்தது. சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக் டிக்’ என விடாமல் ஒலி எழுந்து, டாஷ்போர்டு விளக்குகளும் மங்கினால், பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது அதன் முனைகளில் வெண்பச்சையாகப் பூத்துப் படிந்த உப்பினால் இணைப்பு கெட்டிருக்கலாம். விளக்குகள் மங்காமல் ‘டக்’ என ஒரே ஒலியோடு அடங்கினால் ஐயம் செல்ஃப் மோட்டார் மீது திரும்ப வேண்டும்.

இதை ஊகத்துக்கு விடாமல் உறுதிசெய்யச் சில நூறு ரூபாய் விலையுள்ள மல்டிமீட்டர் போதும். இரவெல்லாம் ஓய்ந்திருந்த பேட்டரி காலையில் 12.6 வோல்ட் காட்டினால் அதில் முழு மின்னேற்றம் உள்ளது. 12 வோல்ட்டுக்கு அருகில் இருந்தால் ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது அதே முனைகளில் பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அந்த ஏற்றம் இல்லையெனில் ஓட்டத்தின்போது பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோதான் பார்க்க வேண்டும். அதைப் பாராமல் புதுப் பேட்டரி வாங்கிப் பொருத்தினால் அதுவும் விரைவிலேயே இறங்கிவிடும்.

செல்ஃப் சுற்றியும் இன்ஜின் பிடிக்காத நிலையில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ நிலையில் மட்டும் வைத்துக் காதைக் கூர்மையாக்க வேண்டும். பெரும்பாலான பெட்ரோல் கார்களில், பின்னிருக்கைக்குக் கீழேயுள்ள டேங்கிலிருந்து இரண்டொரு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது எரிபொருள் பம்ப் இயங்கும் ஓசை. வழக்கமாகக் கேட்கும் அவ்வோசை இல்லாதபோது பம்பைக் குறைசொல்லும் முன் அதற்குரிய ஃபியூஸைக் கழற்றிப் பார்ப்பது முறை.

ஓடும் வண்டியில் எழும் கோளாறுகளுக்கு டாஷ்போர்டில் எரியும் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கே முதல் சாட்சி. காரின் கணினி தானே கண்டறிந்த கோளாறைக் குறியீடாகப் பதிந்துவைக்கும் ‘ஓபிடி’ என்னும் இவ்வமைப்பு, அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஒரே சீரான வடிவில் கட்டாயமாயிற்று. இந்தியாவில் ஓபிடி-2 நிலை 2013 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை இணைப்பில் சிறு ஸ்கேனரைச் செருகினால் குறியீட்டைக் கைபேசியிலேயே படிக்க முடிகிறது. ஆனால் குறியீடு சுட்டுவது நிலைமையையே தவிர, பழுதான பாகத்தை அன்று. ‘பி0171’ என்பது எரியும் கலவையில் காற்று மிகுந்து எரிபொருள் குறைந்துள்ளது என்று மட்டுமே சொல்கிறது. அதற்குக் காரணம் வெடித்த ரப்பர் குழாயாக இருக்கலாம், அழுக்கேறிய காற்றளவு சென்சாராக இருக்கலாம், வலுவிழந்த பம்பாகவும் இருக்கலாம். குறியீட்டைப் பார்த்த மாத்திரத்தில் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுவது, காய்ச்சல் கண்டவுடன் தெர்மாமீட்டரை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

இதற்கு மாறாக, ஒரு ரூபாயும் செலவின்றி முடிவை எட்டும் சோதனையும் உண்டு. வண்டி இழுக்காமல் குலுங்கி ஓடுவதைப் பட்டறையில் ‘மிஸ்ஸிங்’ என்பர். சிலிண்டர் ஒன்றில் கலவை சரியாகப் பற்றாமல் போவதே அது. ‘பி0301’ என்றால் அது முதல் சிலிண்டரில் நிகழ்கிறது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி இக்னிஷன் காயில் உள்ள கார்களில், இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கும் இரண்டாவதை முதலாவதற்கும் மாற்றிப் பொருத்தி மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்போது ‘பி0302’ வந்தால் பழுது காயிலோடு இடம்பெயர்ந்துள்ளது, காயிலே குற்றவாளி. ‘பி0301’ மாறாதிருந்தால் காயில் நல்லது. அடுத்து பிளக்கையும் இதேபோல் இடம்மாற்றிச் சோதிக்கலாம். மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் இச்சோதனைக்காகக்கூட வண்டியைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் புகைபோக்கிக்குச் சென்று விலையுயர்ந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எரித்துவிடும்.

புகையின் நிறமும் பேசும். நீலம் கலந்த புகை இன்ஜின் ஆயில் எரிவதையும், கரும்புகை எரிபொருள் மிகுவதையும் காட்டும். இன்ஜின் சூடேறிய பின்னும் அடங்காத அடர்ந்த வெண்புகை, கூலன்ட் சிலிண்டருக்குள் கசிவதன் அறிகுறி. அத்துடன் ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காப்பி நிறம் தென்பட்டால் ஹெட் கேஸ்கெட் மீது ஐயம் வலுக்கிறது.

வீட்டுச் சோதனைக்குக் கறாரான எல்லைகளும் உண்டு. சூடான ரேடியேட்டரில் கூலன்ட் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணமே கொதித்துப் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். ஆயில் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்த வேண்டும். 2015, 2023 டிசம்பர் மாதங்களில் சென்னை கண்டதைப் போன்ற வெள்ளத்தில் மூழ்கிய காரைச் சோதித்துப் பார்ப்பதற்காகக்கூட ஸ்டார்ட் செய்யலாகாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப்போல் அமுங்கிக்கொடுக்காது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே பாழாகும்.

நல்ல மெக்கானிக்குக்குத் தேவைப்படுவது வண்டிக்காரரின் தீர்ப்பு அன்று, சாட்சியம். எந்த நேரத்தில், எந்த வேகத்தில், இன்ஜின் சூடாக இருந்தபோதா ஆறியிருந்தபோதா, ஏசி ஓடியதா என்பவற்றையும் வோல்ட் அளவையும் குறியீட்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவருடைய உழைப்பு சரியான இடத்தில் தொடங்கும். ஸ்கேனரில் குறியீட்டை அழிக்கும் வசதியும் இருக்கும். அதைப் பயன்படுத்தினால் விளக்கு அணைவதோடு, கோளாறு நேர்ந்த கணத்தில் கணினி குறித்துவைத்த வேகம், வெப்பநிலை முதலிய விவரங்களும் அழிந்துபோகும். வண்டியை மெக்கானிக் பார்த்து முடிக்கும்வரை அதைத் தொட வேண்டாம்.