போர் மூளும் நாட்டில் வேலை: முதுமைக்கு என்ன வழி?

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஏர் இந்தியா விமானங்கள் அம்மானிலிருந்து ஊர் சேர்த்தன. அவர்களில் கேரளத்தவர் ஏராளம். உயிர் தப்பியது, சேமிப்பும் பணிக்கொடையும் அங்கேயே நின்றுபோயின. பிறகு ஐ.நா. இழப்பீட்டு ஆணையம், ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் பங்கெடுத்து, மனுச் செய்தவர்களுக்குப் பணம் கொடுத்தது. ஆனால் அது விதிவிலக்கு. லிபியாவிலிருந்தும் யேமனிலிருந்தும் ஓடிவந்தவர்களுக்கு அப்படியோர் ஆணையம் அமையவே இல்லை. 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரில் போரில் சிக்கி மீண்ட 46 செவிலியர்களில் பலர், சம்பளப் பாக்கியோடும் வேலைக்குப் போக வாங்கிய கடனோடும் கொச்சியில் வந்திறங்கினார்கள்.

வளைகுடா நாடுகளின் ஓய்வூதியம் அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான். நம்மவருக்குக் கிடைப்பது பணிக்கொடை மட்டுமே. குவைத்தில் மாதச் சம்பளக்காரருக்கு முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், அதற்குமேல் ஆண்டுக்கு ஒரு மாத ஊதியம். போர் வந்து முதலாளியே ஓடிவிட்டால் அதையும் யாரிடம் கேட்பது?

அதனால் முதுமைக்கான ஏற்பாட்டை ஊரில்தான் செய்துகொள்ள வேண்டும். வெளிநாடு சென்ற கேரளத்தவருக்காகத் திருவனந்தபுரத்தில் தலைமையகம் கொண்ட கேரளப் பிரவாசி நல வாரியத்தில் 18 முதல் 60 வயதுவரை சேரலாம். 2022-இல் உயர்த்திய கணக்குப்படி, வெளிநாட்டில் இருப்பவர் மாதம் 350 ரூபாய் கட்டினால் குறைந்தது 3,500 ரூபாய் ஓய்வூதியம். திரும்பி வந்தவர் 200 கட்டினால் 3,000. அறுபது வயது நிறைந்திருக்க வேண்டும், ஐந்தாண்டாவது கட்டியிருக்க வேண்டும். ஐம்பத்தெட்டில் சேருகிறவர் அறுபத்துமூன்றுவரை காத்திருக்க நேரும். ஒரு குடும்பம் நடத்த இந்தத் தொகை போதாது; ஆனாலும் எந்தப் போரும் பறிக்க முடியாத வருமானம் இது. சம்பளம் நின்ற மாதங்களில்கூட யாராவது ஊரிலிருந்து தவணையைக் கட்டிவிடுங்கள். தொடர்ந்து தவறினால் உறுப்பினர் தகுதியே போய்விடும். தமிழ்நாட்டவர் இதில் சேர முடியாது. அவர்களுக்கு மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது, வெளிநாட்டில் இருந்துகொண்டும் கணக்குத் தொடங்கலாம்.

இனி, அங்கே நின்றுபோன சம்பளப் பாக்கியையும் பணிக்கொடையையும் கேட்கக் கையில் ஆதாரம் வேண்டும். வேலை ஒப்பந்தம், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரம், பாஸ்போர்ட், விசா, தொழிலாளர் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல் ஊரில் ஒருவரிடம் இருக்கட்டும். நாடு திரும்பும் முன் முடிந்தால் தூதரகத்தில் கணக்கு வழக்கை எழுதிக்கொடுத்து, நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரமும் கொடுத்துவிட்டு வாருங்கள். பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் புகார் பதியலாம். கேரளத்தவருக்கு வழிகாட்ட, திருவனந்தபுரம் தைக்காட்டிலுள்ள, கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம் 1800 425 3939 என்ற கட்டணமில்லா எண்ணை வைத்திருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளையோ கணவரோ வேலை செய்யும் வீட்டார், அவர் வாரியத்தில் உறுப்பினரா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.