மங்கலான கேலக்ஸிகளும் நம்ம ஆஸ்ட்ரோசாட்டும்

எங்க பெரியபாளையத்திலிருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டர்தான். வானம் தெளிவாக இருந்தால் மொட்டை மாடியிலிருந்தே ராக்கெட் ஏறுவதைப் பார்க்கலாம். 2015 செப்டம்பர் 28-ம் தேதி காலை 10 மணிக்கு, ஆஸ்ட்ரோசாட் அங்கிருந்துதான் கிளம்பியது. அது எதற்குப் போகுதுன்னு அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெருவெடிப்பு நடந்து சுமார் 3,80,000 ஆண்டுகளில் பிரபஞ்சம் ஆறி, புரோட்டானும் எலெக்ட்ரானும் சேர்ந்து ஹைட்ரஜன் அணு ஆனது. ஆனால் இன்று கேலக்ஸிகளுக்கு நடுவே உள்ள ஹைட்ரஜன் கிட்டத்தட்ட முழுவதும் உடைந்து அயனியாக இருக்கிறது. பிரபஞ்சத்துக்குச் சுமார் 100 கோடி வயதாகும்போதே இந்த வேலை முடிந்துவிட்டது. இதைத்தான் மறு அயனியாக்கம் என்கிறார்கள்.

உடைத்தது யார்? ஹைட்ரஜனிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்க, 91.2 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளி வேண்டும். அதைக் கொடுத்தது பிரகாசமான குவாசர்களா, இல்லை மங்கலான குட்டி கேலக்ஸிகளா?

2024-ல் ஹக்கீம் அத்தெக் குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகளை வெச்சு எட்டு மங்கலான கேலக்ஸிகளை ஆராய்ந்தது. வழியில் இருந்த ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்தின் ஈர்ப்பு, பூதக்கண்ணாடி மாதிரி அவற்றைப் பெரிதாக்கிக் காட்டியது. வழக்கமாக நினைத்ததைவிடச் சுமார் நான்கு மடங்கு அயனியாக்கும் ஒளியை அவை உண்டாக்கின. எண்ணிக்கையிலும் குட்டிகள்தான் அதிகம். அந்த ஒளியில் 5 சதவீதம் வெளியே தப்பினாலே போதும் என்று கணக்கு சொன்னது.

தப்புமா என்பதுதான் கேள்வியே. கேலக்ஸிக்குள் இருக்கிற ஹைட்ரஜனே அந்த ஒளியை விழுங்கிவிடும். தப்பி வந்ததையும் வழியில் உள்ள ஹைட்ரஜன் விட்டுவைக்காது. அதனால் அவ்வளவு பழைய கேலக்ஸிகளில் இதை நேரடியாக அளக்க முடியாது. கொஞ்சம் கிட்டே இருக்கிற கேலக்ஸிகளில்தான் தேட வேண்டும்.

ஆஸ்ட்ரோசாட் செய்தது அதைத்தான். 2016 அக்டோபரில் அதன் புற ஊதாத் தொலைநோக்கி 28 மணி நேரத்துக்கும் மேல் வானின் ஒரு சிறு பகுதியைப் பார்த்தது. அதில் ஏ.யு.டி.எஃப்.எஸ்.01 என்ற கேலக்ஸியிலிருந்து, 930 கோடி ஆண்டுகள் பயணித்த அயனியாக்கும் ஒளி சிக்கியது. புனே ஐயூகாவின் கனக் சாஹா தலைமையிலான குழு, 2020-ல் முடிவை வெளியிட்டது: குறைந்தது 20 சதவீதம் தப்புகிறது!

இந்த கேலக்ஸி மறு அயனியாக்கம் முடிந்து வெகுகாலம் கழித்து வந்தது. இது ஒன்றை வெச்சு ஆதி கேலக்ஸிகள் எல்லாமே இப்படித்தான்னு முடிவு கட்ட முடியாது. ஆனாலும் ஒளி தப்ப வழி இருக்கிறது என்பதை ஒரு நிஜ கேலக்ஸியில் பார்த்தாச்சு. இங்கிருந்து 50 கிலோமீட்டர் தள்ளிக் கிளம்பிய ஒரு தொலைநோக்கி அதைக் காட்டியது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும்கூட.