அடங்கிய சத்தம், அடங்காத தேய்மானம்

மார்த்தாண்டத்தை விட்டு அருமனை, கடையால், குலசேகரம் என்று எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் சாலை ஒரு குன்றில் ஏறி ஓர் ஓடையில் இறங்கும். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் வீடுகளுக்கோ, சாலையிலிருந்து கார்செட் வரை செங்குத்தாக ஒரு சிமெண்ட் சரிவு. கிளட்சையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்துப் பிடித்து அந்தச் சரிவில் வண்டியை ஏற்றத் தெரிந்தவரைத்தான் முன்பெல்லாம் இந்தப் பக்கம் டிரைவர் என்று ஒத்துக்கொள்வார்கள். இன்று முழங்கால் வலியோடு ஓய்வுபெற்ற ஆசிரியரும், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் தாயும் ஒற்றைக் காலால் அதே சரிவில் காரை ஏற்றிவிடுகிறார்கள். கிளட்ச் கிடையாது, கியர் மாற்றுகிற வேலையும் கிடையாது. குமரி மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி வேறில்லை என்று வாங்கியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

ஆட்டோமேட்டிக் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிற இந்தக் கார்களில் பல ஜாதி உண்டு. இங்கே பேசப்போவது சி.வி.டி. வகையைப் பற்றி, அதிலும் சங்கிலியால் ஓடுவதைப் பற்றி. ஸ்கூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதன் தம்பியைத் தெரியும். இரண்டு கூம்புப் புல்லிகள், நடுவே ஒரு ரப்பர் பெல்ட். புல்லியின் இரண்டு பக்கமும் நெருங்கினால் பெல்ட் வெளியே ஏறும், விலகினால் உள்ளே இறங்கும், கியர் தானாக மாறிக்கொண்டே இருக்கும். நெதர்லாந்தில் ஹப் வான் டோர்ன் என்பவர் 1958-ல் இந்த ரப்பர் பெல்ட் ஏற்பாட்டை ஒரு சின்னக் காரில் வைத்து அறிமுகப்படுத்தினார். 1980-களில் ரப்பர் போய் எஃகுப் பட்டை வந்தது. 1990-களின் கடைசியில் ஜெர்மனியில் பட்டைக்குப் பதில் எஃகுச் சங்கிலியைப் பெரிய கார்களில் பூட்டினார்கள். 2020-ஐ ஒட்டி ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தயாராகும் சில பெட்ரோல் கார்களிலும் இந்தச் சங்கிலி வந்துவிட்டது. நாகர்கோவில் வீதிகளில் இன்று அது சர்வ சாதாரணம்.

சங்கிலி பட்டையைவிட அதிக இழுவையைத் தாங்கும்; சின்ன வட்டத்திலும் நன்றாக வளையும், பெட்ரோலும் கொஞ்சம் மிச்சமாகும். குறை ஒன்றே ஒன்றுதான், சத்தம். சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் பின்கள் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் இரு முனைகள் மட்டும்தான் புல்லியின் சாய்ந்த பரப்பைத் தொடுகின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது, சங்கிலி 4 செ.மீ. ஆரத்தில் புல்லியை அணைத்திருக்கிறது, ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவே 1 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் ஒவ்வொரு விநாடியும் 800-க்கும் மேற்பட்ட பின்கள் புல்லியில் வந்து உட்காருகின்றன. ஒவ்வொன்றும் உட்காரும்போது ஒரு சின்னத் தட்டு. இடைவெளி எல்லாம் ஒரே அளவாக இருந்தால் இந்தத் தட்டுகள் ஒன்றுசேர்ந்து ஒரே சுருதியில் ஊளையிடும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அந்த ஊளையும் மேலே ஏறும். காருக்குள் இருப்பவருக்கு அது பொறுக்காது.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி மிக அழகானது. சங்கிலியின் கண்ணிகளை இரண்டு நீளங்களில் செய்தார்கள். குட்டை, நெட்டை, நெட்டை, குட்டை, குட்டை, குட்டை, நெட்டை என்று ஒழுங்கே இல்லாமல் கலந்து கோத்தார்கள். தட்டுகளின் கால இடைவெளி மாறிக்கொண்டே இருப்பதால் ஒற்றைச் சுருதி உடைந்து, டயர் ஓசைக்குள்ளும் காற்றோசைக்குள்ளும் கரைந்துவிடுகிறது. இத்தோடு பின்களின் பக்கங்களை ஒன்றின் மேல் ஒன்று உருளும்படி வளைத்துச் செதுக்கினார்கள். புல்லிக்குள் நுழையும்போது சங்கிலி மேலும் கீழும் குதிப்பது அதனால் குறைந்தது. இரண்டு புல்லிகளுக்கும் நடுவே அந்தரத்தில் ஓடும் பகுதி துடிக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் வழிகாட்டியும் வைத்தார்கள்.

இதில் ஒரு விஷயம் கவனிக்காமல் போகிறது. கண்ணிகளைக் கலந்து கோத்ததால் தட்டுகளின் எண்ணிக்கை அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை. சத்தம் சிதறடிக்கப்பட்டது, அவ்வளவுதான். பின்முனை எஃகும் புல்லி எஃகும் முன்பு உரசிய அளவுக்கே இன்றும் உரசுகின்றன. காதுக்கு இதம் வந்துவிட்டது என்பதற்காக உலோகத்துக்கு ஓய்வு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். என் கவலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வடசேரிப் பக்கம் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டே எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுகிற மெக்கானிக் ஒருவர் அதை நடத்துகிறார். சி.வி.டி. கார் வந்தால் அதையே அவரும் செய்து பார்க்கிறார். முகத்தில் திருப்தி இல்லை. "சத்தம் கேட்டா நோய் பாதி தெரிஞ்சாச்சு சார். இது கடைசி வரைக்கும் மூச்சு காட்டாது. காட்டுற நேரம் புல்லியில கோடு விழுந்திருக்கும். பெறவு நான் என்ன செய்யட்டு, சொல்லுங்க" என்றார். அவரிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கொண்டுவருகிற புகாரோ வேறு: மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி மெதுவாகத்தான் எழும்புகிறது என்பது. அது நோயே இல்லை, இந்த வகை வண்டியின் சுபாவம். உண்மையில் நோய் உள்ளவர் சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்.

அந்த உரசல் எவ்வளவு கடுமையானது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. எண்ணெயில் நனைந்த எஃகுக்கும் எஃகுக்கும் நடுவே உராய்வு எண் சுமார் 0.1-தான். 140 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் ஒரு சாதாரண பெட்ரோல் எஞ்சினின் இழுவையை 4 செ.மீ. ஆரத்தில் வழுக்காமல் கடத்த வேண்டுமானால், புல்லியின் இரு பக்கங்களும் சங்கிலியைக் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் டன் எடைக்குச் சமமான விசையில் நெருக்க வேண்டும். பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட்டினால் இரண்டு டன்னைத் தாண்டும். கூடுதலாக நெருக்கினால் தேய்மானமும் சத்தமும் கூடும், நெருக்கும் விசையைத் தருகிற ஆயில் பம்பு வீணாக உழைக்கும். குறைவாக நெருக்கினால் சங்கிலி ஒரு நொடி வழுக்கும், அந்த ஒரு நொடியில் புல்லியில் கீறல் விழும். பிறகு அந்தக் கீறலே பின்முனைகளை அரமாக அறுத்துக்கொண்டிருக்கும். ஆரம் மிகக் குறைவாக, நெருக்கல் மிக அதிகமாக இருப்பது எப்போது? நின்ற நிலையிலிருந்து ஏத்தத்தில் ஏறும்போது. அதாவது நம் வீட்டுச் சரிவில், தினமும் இரண்டு தடவையாவது.

மழைக்காலத்தில் இன்னொன்றும் நடக்கிறது. இங்கே ஆனி, ஆடியிலும் மழை உண்டு, ஐப்பசி, கார்த்திகையிலும் உண்டு. தோட்டத்துச் செம்மண் பாதையில் முன்சக்கரம் சறுக்கிச் சுழலும். திடீரென்று ஒரு கல்லையோ காய்ந்த திட்டையோ பிடிக்கும். சுழன்ற வேகமெல்லாம் ஒரே அடியாகத் திரும்பிச் சங்கிலி மேல் விழும். சங்கிலி வழுக்குவதற்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. சக்கரம் சுழல ஆரம்பித்ததும் காலை எடுத்துவிட வேண்டும். ஏத்தத்தில் முன்வண்டிக்காகக் காத்திருக்கும்போது ஆக்சிலேட்டரில் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல் பிரேக்கில் நிறுத்த வேண்டும். வண்டி பின்னால் உருளும்போதே லீவரை முன்னோட்ட நிலைக்கு (D) மாற்றக் கூடாது. இந்த மூன்றையும் டிரைவிங் ஸ்கூலில் யாராவது சொல்லித் தருகிறார்களா என்று விசாரித்துப் பார்த்தேன். கியர் வண்டியைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஆயில். சங்கிலிக்கும் புல்லிக்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான். மற்ற இடங்களில் ஆயிலுக்கு வேலை வழுக்க வைப்பது. இங்கே தேயாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும், வழுக்கவும் விடக் கூடாது. இந்த இரட்டை வேலைக்காகவே சி.வி.டி. ஆயில் என்று தனியாகச் செய்கிறார்கள். சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலில் உராய்வைக் குறைக்கிற ரசாயனங்கள் கலந்திருக்கும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். விலையில் வித்தியாசம் உண்டு. 'எல்லாம் ஆட்டோமேட்டிக்தானே' என்று அதை எடுத்து இதில் ஊற்றினால் வண்டி அன்றைக்கு ஓடத்தான் செய்யும். சங்கிலியின் ஆயுள் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் கரைய ஆரம்பிக்கும். அளவு பார்ப்பதும் டிப்ஸ்டிக்கை உருவித் துடைக்கிற வேலை இல்லை. பல வண்டிகளில் ஆயில் சொல்லப்பட்ட சூட்டில் இருக்கும்போது, வண்டி சமமாக நிற்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும்.

கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம், திறக்காத பெட்டிதான் பத்திரமான பெட்டி என்று சொல்கிறவர்களும் உண்டு. சமதளத்தில் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் வண்டியோடு தருகிற கையேட்டைப் புரட்டினால் 'கடுமையான உபயோகம்' என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும்: மலைப்பாதை, அடிக்கடி குறுகிய தூர ஓட்டம், தூசி, வெயில். மேல்புறத்திலிருந்து மார்த்தாண்டம் சந்தைக்குப் போய்வரும் கார் இந்தப் பட்டியலில் எதில் இல்லை? நம் மாவட்டத்தில் பெரும்பாலான வண்டிகளுக்கு அந்தப் பொடி எழுத்துதான் சட்டம்.

கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் தட்டைக் கழற்றினால் அதில் சின்ன வட்டக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். நான் பார்த்த ஒரு தட்டில் காந்தங்கள் மேல் சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி படிந்திருந்தது. மெக்கானிக் அதை விரலால் வழித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துக் காட்டினார். மாவாக இருந்தது. "இது ஒண்ணும் இல்ல, எல்லா வண்டியிலயும் இருக்கும். மினுமினுன்னு செதில் கையில தட்டுப்பட்டா வண்டிக்காரருக்குப் போன் போட்டுருவேன்" என்றார். காது கேட்காத விஷயத்தை விரல் கண்டுபிடிக்கிறது. ஆனால் தட்டைக் கழற்றினால்தானே?

சத்தத்துக்குக் காத்திராமல் ஆயிலிலேயே தேய்மானத்தைத் தேடுவது இந்த மாவட்டத்துக்குப் புதிய வித்தையும் இல்லை. ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் பல்லாண்டுகளாகக் காற்றாலைகள் சுற்றுகின்றன. தரையிலிருந்து பல மாடி உயரத்தில் இருக்கும் ஒரு கியர்பாக்ஸை ஊளை கேட்கிற வரைக்கும் யாரும் காத்திருந்து கழற்றுவதில்லை. அதிலிருந்து கொஞ்சம் ஆயிலை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அதில் இரும்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பது காற்றாலைத் தொழிலின் வழக்கம். கூடிக்கொண்டே போனால் உள்ளே தேய்கிறது என்று அர்த்தம். அதே சோதனை காருக்கும் பொருந்தும். கோணத்தில் தொழிற்பயிற்சி நிலையம், பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி எல்லாம் அருகருகே இருக்கின்றன. ஒரு சோதனைக் கூடமும், வெட்டித் திறந்த ஒரு சி.வி.டி. பெட்டியும், ஊர் மெக்கானிக்குகளுக்கு ஒரு வாரப் பயிற்சியும் அங்கே முடியாத காரியம் இல்லை. இன்று பெட்டிக்குள் ஒரு பேரிங் போனாலும் முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்வதே எளிதான பதிலாக இருக்கிறது. வாங்கிய காரின் விலையில் அது கணிசமான பங்கு. கையில் தொழில் உள்ள ஆட்கள் இத்தனை பேர் இருக்கிற ஊரில் அப்படி நடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தண்ணீர் என்றதும் 2021 நவம்பர் மழை நினைவுக்கு வருகிறது. குளங்கள் உடைந்து தண்ணீர் ஊருக்குள் வந்த நாட்கள். கியர்பாக்ஸுக்குக் காற்று போய்வர மேலே ஒரு சின்னத் துளை உண்டு. சூடான பெட்டி வெள்ளத்தில் மூழ்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அந்தத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் வண்டி நின்றுவிடும், எல்லோருக்கும் தெரியும். பெட்டிக்குள் போன தண்ணீர் ஆயிலோடு கலந்து, உராய்வைக் கெடுத்து, பல மாதம் கழித்தே தன் வேலையைக் காட்டும். வண்டியைக் கழுவித் துடைத்து சீட்டைக் காயவைத்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆயிலை மாற்றியிருப்பார்கள்?

அப்படிப்பட்ட வண்டிகளும் பழைய கார் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. வாங்கப் போகிறவர் பெயிண்டையும் டயரையும் பார்த்ததோடு விடாமல் மூன்று காரியம் செய்ய வேண்டும். வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கிய பிறகு ஒரு நல்ல ஏத்தத்தில் நிறுத்தி, மெதுவாக எடுத்துப் பார்க்க வேண்டும். உதறலோ, ஒரு நொடி எஞ்சின் மட்டும் துள்ளுவதோ தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ரேடியோவை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, 30, 40 கி.மீ. வேகத்தில் ஒரே சீராக ஓட்டி, பிறகு மெல்ல வேகத்தைக் கூட்டி, வேகத்தோடு சேர்ந்து சுருதி ஏறுகிற ஊளை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கடைசியாக, சி.வி.டி. ஆயில் மாற்றியதற்கு பில் கேட்க வேண்டும். அதில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பில் இல்லை என்றால், சம்ப் தட்டைக் கழற்றிக் காந்தத்தைக் காட்டச் சொல்லிவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.