லோரியின் முன் டயரை மாற்றும்போது

மங்கில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலை வாரி எடுத்து நிறுவைக்குக் கொண்டு செல்லும் தொழிலாளருள் எத்தனை பேர், அது பின்னர் எங்கே போய்ச் சேருகிறது என்பதை எண்ணிப் பார்த்திருப்பர்? ஆலையில் அது கழுவப்பெற்று, அரைக்கப்பெற்று, உலர்த்தப்பெற்று, கட்டிகளாக அழுத்தப்பெற்று, எஸ்.எம்.ஆர். 20 போன்ற தரப் பெயர்களோடு வெளியேறுகிறது. அத்தகைய ரப்பரின் பெரும்பகுதி டயர் ஆலைகளுக்கே செல்கிறது. கார் டயரில் செயற்கை ரப்பர் மிகுதி; கனரக லோரியின் டயரிலோ இயற்கை ரப்பரே மிகுதி. பாரம் ஏற்றிய டயர் உருளும்போது ஓயாமல் நெளிகிறது; நெளிவதால் சூடேறுகிறது. இயற்கை ரப்பர் குறைவாகவே சூடேறும். கிழிசலையும் நன்கு தாங்கும். ஆகவே, லோரிச் சக்கரத்தில் நமது உழைப்பும் சேர்ந்து சுழல்கிறது என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சன்று.

அண்மையில் நாம் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது, லோரி ஓட்டும் அன்பர் ஒருவர் நம்மிடம் ஓர் ஐயத்தைக் கேட்டார். அவருடைய வண்டியின் முன் டயர்கள் தேய்ந்துவிட்டன. பின் சக்கரங்களிலிருந்து சற்று நல்லவையாக இரண்டைக் கழற்றி முன்னே மாட்டிக்கொள்ளுமாறு வண்டிக்காரர் கூறிவிட்டாராம். “பள்ளம் சட்டத்திற்கு வேண்டிய அளவு இருக்கிறதே, ஐயா, மாட்டினால் என்ன?” என்பதே அவர் கேள்வி. வேறு பலருக்கும் இந்த ஐயம் இருக்கக்கூடும் என்பதால் நமது விடையை இங்கே விரிவாக எழுதுகிறோம்.

மாட்டலாகாது என்பதே விடை. காரணம் எளிது. பெரும்பாலான லோரிகளில் பின் அச்சின் ஒவ்வொரு பக்கத்திலும் இரட்டை டயர்கள் உள்ளன. ஒன்று வெடித்தால் அதன் துணை சிறிது தூரமாவது பாரத்தைத் தாங்கும். ஓட்டுநர் ஓரங்கட்ட அவகாசம் கிடைக்கும். முன் அச்சில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே டயர். அது வெடித்தால் அந்த மூலை அப்படியே தாழும். வண்டி வெடித்த பக்கமாக இழுக்கும். வண்டியைத் திருப்புவதும் அதே சக்கரந்தான். தோட்டத்துக் குறுகிய சாலையில் ஒரு புறம் வாய்க்கால், மறுபுறம் பள்ளிப் பிள்ளைகள் நடந்து வரும் ஓரம் என்றிருக்கும்போது, இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையது.

சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர் ஆழம். அது குறைந்தபட்ச எல்லை. அதுவரை ஓட்டுங்கள் என்னும் அறிவுரையன்று. அமெரிக்காவில் கனரக வண்டிகளின் முன் சக்கரத்திற்கு மட்டும் சட்டமே அதனினும் இரு மடங்கு, அதாவது ஏறக்குறைய 3.2 மில்லிமீட்டர், கேட்கிறது. மழைநீரை வெளியேற்றுவது அந்தப் பள்ளந்தான். பள்ளம் குறைந்தால் டயர் நீரின்மேல் வழுக்கும்.

புதிய டயரைத் தேடிக் கடைக்குச் செல்லுமுன் பழைய டயரைப் படித்துப் பார்க்க வேண்டும். படிப்பதற்கு எழுத்தறிவு தேவையில்லை. கையால் தடவினாலே போதும். இரு ஓரங்களும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், அல்லது ஒரு திசையில் தடவும்போது வழுவழுப்பாகவும் மறுதிசையில் இரம்பப் பல்லைப் போலவும் உறுத்தினால், சக்கரங்களின் நேர்நிலை கெட்டிருக்கிறது. ஆங்காங்கே குழி விழுந்திருந்தால் அதிர்வுதாங்கி பழுதாகியிருக்கலாம். இக்குறையை நீக்காமல் புதிய டயர் மாட்டுவது ஓட்டை வாளியில் பால் ஊற்றுவதைப் போன்றது.

இனி, டயரின் பக்கச் சுவரிலுள்ள எண்களைக் கவனிப்போம். 11 ஆர் 22.5 என்பது அளவு; நடுவிலுள்ள ‘ஆர்’ ரேடியல் வகையைக் குறிக்கும். அடுத்து 148/145 என்பது போல் இரண்டு எண்கள் இருக்கும். கடைக்காரர்கூடச் சில வேளைகளில் இவற்றை விளக்குவதில்லை. முதல் எண், டயர் தனியாக நிற்கும்போது தாங்கும் பாரம். இரண்டாவது, இரட்டையாக நிற்கும்போது ஒவ்வொன்றும் தாங்கும் பாரம். 148 என்றால் 3,150 கிலோகிராம். 145 என்றால் 2,900 கிலோகிராம். முன் சக்கரத்திற்கு முதல் எண்ணையே பார்க்க வேண்டும். இரு டயர்களுமாகத் தாங்குவது 6,300 கிலோகிராம். வண்டியின் முன் அச்சுக்கு விதித்துள்ள பாரத்திற்கு இது குறைந்துவிடலாகாது.

மேலும் ஒரு நான்கிலக்க எண் உண்டு. 2324 என்றிருந்தால், 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். கடையில் சும்மா கிடந்தாலும் வெயிலாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் ரப்பர் மூப்படைந்து வெடிப்பு விடும். ரப்பரோடு வாழ்ந்தவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. மலிவு விலைக்கு நீட்டப்படும் டயரில் இவ்வெண்ணை முதலில் தேடிப் பாருங்கள்.

முன் டயரின் வடிவம் நீளவாக்கில் ஓடும் பள்ளங்களைக் கொண்டிருப்பது நன்று. திருப்பும் பிடிப்பு சீராக இருக்கும். குறுக்குக் கட்டைகள் கொண்டவை சேற்றில் இழுக்கும் பின் சக்கரத்திற்கு உரியவை. செம்மண் சாலையிலும் சரளைக் கல்லிலும் பாதி நாள் ஓடும் வண்டியாயின், நெடுஞ்சாலைக்கு மட்டும் செய்யப்பட்டதை வாங்காமல், வெட்டுக்காயம் தாங்கும் கலப்புப் பயன் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவு, ஒரே வகை, ஒரே தேய்வு உடையனவாக இருத்தல் அவசியம். ஒரே அச்சில் ரேடியலையும் பழைய சாய்நூல் வகையையும் எக்காரணம் கொண்டும் கலக்கலாகாது.

மறுமுகம் ஒட்டிய ‘சேலுப்’ டயரை நாம் குறை கூறவில்லை. முறையாகச் செய்யப்பட்டு, ‘சிரிம்’ தர முத்திரையும் பெற்றது பின் சக்கரத்தில் நன்றாகவே உழைக்கும். அதன் இடம் பின்னால் என்பதே நம் கருத்து.

புதியவை இரண்டு வாங்கப் பணம் ஏது என்று வண்டிக்காரர் கேட்பார். அவருக்கும் கணக்கு உண்டு. அதை அலட்சியம் செய்யலாகாது. புதியதை முன்னே மாட்டி, ஐந்தாறு மில்லிமீட்டர் பள்ளம் எஞ்சியிருக்கும்போதே பின்னுக்கு மாற்றி, அங்கே மிச்சத்தை ஓட்டி, உடல் கெடாதிருந்தால் மறுமுகம் ஒட்டலாம். ஒரு டயருக்கு மூன்று வாழ்வு. வீண் என்பதே இல்லை. அந்த அன்பர் தம் வண்டிக்காரரிடம் சொல்லியது இக்கணக்கைத்தான். டயர்கள் மாறின என்று பின்னர் நமக்குத் தெரிவித்தார்.

காற்றைக் காலையில் வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளவுகருவியால் பார்க்க வேண்டும். காலால் உதைத்துப் பார்ப்பது போதாது. ஓடும்போது முன் டயர் வெடித்துவிட்டால் உடனே பிரேக்கை மிதிக்கலாகாது. திருப்பு வளையத்தை இரு கைகளாலும் இறுகப் பற்றி, வண்டியை நேராக வைத்து, வேகம் தானே தணிய விட்டு, பிறகு ஓரங்கட்ட வேண்டும். புதிய டயர் மாட்டிய பின் ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மீண்டும் ஒரு முறை முடுக்கிப் பார்க்கவும்.