வான்வழிகள் – 9: ஒன்பதரை மணி நேரம் பதின்மூன்று ஆன கதை

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோவுக்கு எவ்வளவு தூரம்? பூகோள உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் சுமார் 7,800 கிலோமீட்டர் வரும். நூலின் பெரும்பகுதி சைபீரியாவின் மேல் படிந்திருக்கும். 2022 தொடக்கம் வரை ஃபின்ஏர் விமானங்கள் ஏறக்குறைய அந்த நூல் போன வழியில்தான் பறந்தன. ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோ.

இன்று அதே பயணத்துக்குப் பதின்மூன்று மணி நேரம் ஆகிறது. இரண்டு ஊர்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானை மூடியது. பதிலுக்கு, 2022 பிப்ரவரி 28 அன்று ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தடை போட்டது. அந்தத் தடையில் மிக அதிகமாக அடிபட்டவர்களில் பின்லாந்துக்காரர்களும் உண்டு. கிழக்கு எல்லையைத் தாண்டினாலே ரஷ்யாதான். ஆசியாவுக்குக் குறுக்குவழி என்பதை முதலாக வைத்தே ஃபின்ஏர் பல ஆண்டுகளாகத் தொழில் நடத்தி வந்தது.

மார்ச் மாதமே டோக்கியோ விமானம் மறுபடி கிளம்பியது, இரண்டு சுற்றுவழிகளில். தெற்கு வழி துருக்கி, காகசஸ், கஜகஸ்தான், சீனா, கொரியா என்று போகிறது. வடக்கு வழிதான் மலைக்க வைப்பது: நார்வேயையும் ஸ்வால்பார்ட் தீவுகளையும் கடந்து, வட துருவத்தின் மேலாக அலாஸ்கா பக்கம் இறங்கி, பசிபிக் வழியாக ஜப்பான். எந்த வழி என்பதில் அன்றைய காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. ஜெட் ஏ-1 எரிபொருள் உறையும் வெப்பநிலை மைனஸ் 47 டிகிரி. அதனால் துருவத்தின் மேல் பறக்கும்போது விமானிகள் டேங்கின் வெப்பநிலையைக் கவனித்தபடியே இருக்க வேண்டும். மிகவும் குளிர்ந்தால் சற்றுக் கீழே இறங்கியோ வேகம் கூட்டியோ சமாளிக்கிறார்கள். அவசரத்துக்கு இறங்க விமான நிலையங்களும் அங்கே விரல்விட்டு எண்ணும் அளவுதான். பயணிகளுக்கு, துருவத்தைக் கடந்ததற்கு ஒரு சான்றிதழ் கிடைக்கிறது.

இது புது வழியும் அல்ல. பனிப்போர் காலத்தில் சோவியத் வான் அடைபட்டிருந்தபோது, 1983 ஏப்ரலில் ஃபின்ஏர் இதே துருவப் பாதையில் டிசி-10 விமானத்தை எங்கும் நிறுத்தாமல் டோக்கியோவுக்கு ஓட்டியது. அதற்கும் பதின்மூன்று மணி நேரம்தான் ஆனது. அந்தக் காலத்தில் தடை வெறும் காகிதத்தில் இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று, அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து சியோல் சென்ற கொரிய விமானம் வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் புகுந்தது. போர் விமானம் அதைச் சாகலின் அருகே சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த 269 பேரும் மாண்டார்கள். அந்தக் கொடுமையை நினைத்தால், மூன்றரை மணி நேரம் கூடுதலாகச் சுற்றிப் போவதை எந்தப் பயணியும் குறை சொல்ல மாட்டார்.

ஆனால் கணக்குப் புத்தகம் குறை சொல்கிறது. கூடுதல் எரிபொருள், கூடுதல் விமானிகள், ஒரே விமானத்தைக் கொண்டு குறைவான பயணங்கள். சீன நிறுவனங்களுக்கு இந்தத் தடை இல்லை. அவை இன்றும் சைபீரியா வழியாகவே ஐரோப்பாவுக்கு வந்துபோகின்றன. ஃபின்ஏரோ தன் ஏ330 விமானங்கள் சிலவற்றை ஊழியர்களோடு ஆஸ்திரேலியாவின் குவாண்டஸுக்கு வாடகைக்கு விட்டது. 2023 அக்டோபர் முதல் அவை சிட்னிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பறக்கத் தொடங்கின.