பட்டா ஏறுது, ஓடி வாங்க!

"செருப்பைக் கழட்டாதீங்க, கீழ பூராம் ஆணி!" தகரக் கொட்டகைக்குள் தலையை நுழைத்ததும் கிடைத்த முதல் வரவேற்பு இதுதான். அடுத்ததாக ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். "என்ன வேணும்னாலும் எழுதுங்கண்ணே, வண்டியோட அளவை மட்டும் எழுதிறாதீங்க." சரி என்றேன். குமாரலிங்கபுரத்தில் ஒரு பந்தய மாட்டுவண்டி உருவாகிற இடத்துக்குள் விட்டிருக்கிறார்களே, அளவு கிடக்கட்டும்!

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் திருவிழா என்றால் மாட்டுவண்டிப் பந்தயம் இல்லாமல் நிறைவாகாது. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக ஓட்டுவார்கள். தூரத்தை இன்றைக்கும் மைல் கணக்கில்தான் சொல்வார்கள். சாலையோரம் நிற்கிற நமக்குத் தெரிவதெல்லாம் கொஞ்ச நேரப் புழுதியும் சலங்கைச் சத்தமும் மட்டுமே. அந்தப் புழுதிக்குப் பின்னால் இருக்கிற வேலையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம். வாருங்கள், அந்த மூட்டையைத் தாண்டி இப்படி நில்லுங்கள்.

கால் வைக்க இடமில்லை. வாய்ச்சி, இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, அறுந்த பைக் செயின், டீ உறைந்துபோன கண்ணாடி கிளாஸ், போன வருடத்து முருகன் காலண்டர். மூலையில் மரச்சுருளைக் குவித்து வைத்திருக்கிறார்கள். அதன் மேல் ஒரு கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. அடுப்புக்கு எடுத்துப்போகச் சுருள் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்காவை ஆசாரி திருப்பி அனுப்புகிறார். "இன்னும் ஒரு வாரம் பொறு தாயி, அது பொரிச்சிரட்டும்."

நடுவில், மண்ணில் கிடத்திய இரண்டு மரச்சக்கரங்கள். நடுவே குடம், அதில் சொருகிய பன்னிரண்டு ஆரக்கால், சுற்றிலும் ஆறு வட்டை. எல்லாமே நாட்டுக் கருவேலம். ஊரெல்லாம் மண்டிக் கிடக்கிற சீமைக் கருவேலம் இங்கே கரியாகித் தீ மூட்ட மட்டும்தான். ஆசாரி குந்தியபடி ஒவ்வொரு ஆரக்காலையும் கொட்டாப்புளியால் தட்டிக் காது கொடுக்கிறார். டொக், டொக், டொக். ஏழாவதில் கை நிற்கிறது. "இது இன்னும் பேசுது" என்கிறார். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். அவர் ஒரு சிராயைச் சீவி, எச்சில் தொட்டு, இடுக்கில் வைத்து அடிக்கிறார். மறுபடி ஒரு தட்டு. "ம்... அடங்கிருச்சு."

வெளியே அதற்குள் களேபரம். வறட்டியை வட்டமாக அடுக்கி, அதற்குள் இரும்புப் பட்டாவைப் புதைத்துத் தீ வைத்தாயிற்று. சக்கரத்தைவிடப் பட்டா ஒரு நூல் சின்னது, வேண்டுமென்றே அப்படி. காய்ந்தால் விரியும், விரிந்த நேரத்தில் சக்கரத்தில் மாட்டிவிட வேண்டும், குளிர்ந்தால் சுருங்கி வட்டையையும் ஆரக்காலையும் குடத்தோடு நெரித்துப் பிடித்துக்கொள்ளும். ஆணியோ பசையோ செய்ய முடியாத வேலையை இந்தச் சுருக்கம் செய்கிறது.

"இப்ப!"

நாலு பேர் குறடோடு பாய்கிறார்கள். செக்கச்சிவந்த வளையம் எழும்புகிறது. "எம் பக்கம் இறக்கு", "ஏ மாப்ள, உம் பக்கம்டா!", "காலு, காலு!" வளையம் சக்கரத்தில் உட்கார்ந்த கணத்தில் மரம் குப்பென்று பற்றிக்கொள்கிறது. சுத்தியல்கள் சுற்றிச் சுற்றி இறங்குகின்றன. வீட்டு ஆத்தா தண்ணீர்க் குடத்தோடு தயாராக நின்று, ஆசாரி தலையசைத்ததும் ஊற்றத் தொடங்குகிறார். சுர்ரென்ற ஆவியில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் இருந்து சக்கரம் முனகுகிறது: கிரீச், கிரீச்சென்று மூட்டு மூட்டாக இறுகுகிற சத்தம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆத்தாவோ, "தண்ணி லாரி நாளைக்குத்தான், பாத்து ஊத்துங்கடா" என்று அடுத்த குடத்தைத் தூக்குகிறார். வானம் பார்த்த பூமியில் அந்த இரண்டாவது குடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

டீ வருகிறது. வியர்வை சொட்டச் சொட்டப் பேச்சும் வருகிறது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தபோது, பந்தய வண்டி கேட்டு வர ஆளில்லாமல் கட்டில், கதவு செய்து பிழைத்ததாக ஆசாரி சொல்கிறார். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, இந்தப் போட்டிகளை அனுமதிக்கும் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், கர்நாடகச் சட்டத் திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்த நாளில், இந்தக் கொட்டகையில் கேசரி கிண்டியிருக்கிறார்கள்.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. அச்சில் சக்கரம் ஏறி, கடையாணி விழுந்து, நுகத்தடி கட்டியாயிற்று. சாரதியாகப் போகிற பையனை வண்டியில் உட்கார வைக்கிறார் ஆசாரி. நுகத்தடிக்கு அடியில் தன் ஒற்றை விரலைக் கொடுக்கிறார். "முன்னால நகரு. போதும். பின்னால சாய்." அந்த ஒரு விரலில் பாரம் பார்க்கிறார்! முன்பாரம் அதிகமானால் நுகம் மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் ஆனால் நுகம் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். இருக்கைப் பலகையை விரற்கடை அளவு நகர்த்துகிறார்கள், மறுபடி விரல், மறுபடி நகர்த்தல். "சாப்பாட்டுக்கு முன்னால ஒரு பாரம், பின்னால ஒரு பாரம், இவனை எப்படி அளக்க?" என்று யாரோ கேட்க, பையன் உட்பட எல்லோரும் சிரிக்கிறார்கள்.

மிருகம் இழுக்கிற வண்டி எங்கே இருந்தாலும் இந்தப் பாரக் கணக்கு உண்டு. அமெரிக்காவில் ஆமிஷ் விவசாயிகள் குதிரைக்குப் பின்னால் இரண்டு சக்கரமும் இருக்கையும் உள்ள சிறு வண்டியைப் பூட்டி, அதன் பின்னால் உழவுக் கருவிகளை மாட்டுகிறார்கள். ஹைதராபாத் அருகே இக்ரிசாட் நிறுவனம் 1970-களில் கரிசல் மண்ணில் 'டிராப்பிகல்ட்டர்' என்ற மாடு இழுக்கும் கருவிவண்டியைச் சோதித்தது. அருமையான பொறி, ஆனால் விலை எட்டாததால் பெரும்பாலான விவசாயிகள் வாங்கவில்லை. இவற்றையெல்லாம் செய்தவர்களும் இதே கழுத்துப் பாரத்தோடுதான் மல்லுக்கட்டியிருப்பார்கள். என்னைக் கேட்டால், மாட்டின் மேல் உள்ள அக்கறையை அளக்க அந்த ஒரு விரல் போதும். பாரம் சரியாக விழுந்த வண்டியில் மாடு தானாக ஓடும், தார்க்குச்சிக்கு வேலை இல்லை.

வெயில் தாழ்ந்ததும் மாடுகள் வருகின்றன. புது வண்டியை முகர்ந்து பார்த்து, ஒன்று நுகத்தடியை நக்குகிறது. மசகு போட்ட அச்சு சத்தமில்லாமல் சுழல, கண்மாய்க்கரைப் பாதையில் நடையில் ஒரு சுற்று, பிறகு மெல்லோட்டத்தில் ஒரு சுற்று. திரும்பி வந்ததும் பரிசோதனை வண்டிக்கு இல்லை, மாட்டுக்கு. இரண்டு கழுத்தையும் ஆசாரி தடவிப் பார்க்கிறார், தொண்டையடியில் கயிற்றுத் தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். "நல்லாருக்கு" என்று ஒரே வார்த்தை. பையன் துள்ளிக் குதிக்கிறான்.

அடுத்த முறை பந்தயம் பார்க்கப் போனால், கொடி அசைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். வண்டி பூட்டுகிற இடத்தில் ஓரமாக நின்று, நுகத்தடியடியில் யார் கை போகிறது என்று பாருங்கள். மாட்டுக்குப் பின்னால் மட்டும் நிற்காதீர்கள்.