ஆலந்தலைக் கடலை ஆண்டவர்கள், அதை எழுதியவர்கள்: தெரியுமா?

திருச்செந்தூருக்குத் தெற்கே, ஆலந்தலைக் கரையில் நின்றிருக்கிறீர்களா? முத்து விளைந்த இந்தக் கடலோரத்தைத் தேடி முதலில் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். 1658-இல் அவர்களிடமிருந்து தூத்துக்குடியை டச்சுக்காரர் பிடுங்கினார்கள். 1825-இல் அது ஆங்கிலேயர் கைக்கு நிரந்தரமாகப் போனது. ஒரே கரை, மூன்று ஏகாதிபத்தியங்கள்! சலாபத்தின், அதாவது முத்துக்குளிப்பின், கதையை மட்டுமே ஒரு முழு நூலாக எழுதினார் எஸ். அருணாசலம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1952-இல் அதை வெளியிட்டது.

இதே கடலில் 1906-இல் வெள்ளையரோடு மோத ஒரு சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார் வ.உ.சி. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். அவரைக் கைது செய்ததும் 1908 மார்ச் 13-இல் நெல்லை கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள்.

அந்த வ.உ.சி.யின் கடிதங்களைத் தேடித் தொகுத்து 1984-இல் நூலாக்கியவருக்கு அப்போது வயது என்ன தெரியுமா? பதினேழு! அவர்தான் ஆ.இரா. வேங்கடாசலபதி. பிறகு டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர் பதவி. எங்கே போனாலும் வ.உ.சி.யை அவர் விடவேயில்லை!

அவர் துலக்கிய ஒரு கணக்கைக் கேளுங்கள். சிறையிலிருந்து 1912-இல் வெளிவந்த வ.உ.சி. சென்னையில் வறுமையில் உழன்றார். அவருக்காகத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் காந்தியிடம் பணம் கொடுத்திருந்தார்கள். அது வந்து சேரவில்லை. கடிதத்துக்கு மேல் கடிதம் போனது. 1916-இல்தான் பணம் கைக்கு வந்தது: 347 ரூபாய் 12 அணா. அந்தத் தொகையையே நூலின் பெயரில் வைத்து முழுக் கதையையும் எழுதிவிட்டார் வேங்கடாசலபதி! கப்பலோட்டியவர் அரிசிக்கும் பருப்புக்கும் திண்டாடிய காலம் அது என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

சுதேசிக் கப்பலின் முழு வரலாறு 2023-இல் வேங்கடாசலபதியின் ஆங்கில நூலாக வந்தது. முதல் நூலிலிருந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டு உழைப்பு! நெல்லை எழுச்சி பற்றிய தமிழ் நூலுக்கு 2024-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது. ஆய்வு நூலுக்குக் கிடைத்த விருது என்பதால் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

தூத்துக்குடி வட்டாரத்து வீடுகளே, உங்கள் பரணில் பழைய கடிதமோ கப்பல் கம்பெனிப் பங்குப் பத்திரமோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வரலாறு படித்தவர் ஒருவரிடம் முதலில் காட்டுங்கள்.